முதலில் என்ன செய்வாய்?

போன வருடம் மே மாதத்திலிருந்து ஐந்து மாதம் நானும் என் மனைவியும் அமெரிக்காவில், ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில், மகன் வீட்டில் இருந்தோம். அங்கே போகும் நம்மவர்களுக்கு வழக்கமாக நேர்வதுதான் எனக்கும் நேர்ந்தது. முதல் பத்து நாளில் ஊர் பார்த்து முடிந்தது. பதினோராம் நாளிலிருந்து ஜன்னலோரம் உட்கார்ந்து, எதிர்வீட்டுக்காரர் புல் வெட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பேத்திக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும். ஒரு நாள் மாலை ஒரு கட்டு அட்டைகளைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். "தாத்தா, இதிலேர்ந்து நீங்க கேள்வி கேளுங்க, நான் பதில் சொல்றேன். பின்பக்கம் விடை இருக்கு, எனக்குக் காட்டக் கூடாது" என்றாள்.

அவள் கல்லூரியில் படித்துக்கொண்டே வார இறுதிகளில் ஆம்புலன்ஸில் வேலை பார்க்கிறாள். இ.எம்.டி. என்று அதற்குப் பெயர். நம் ஊர் 108 வண்டியில் நோயாளியோடு பின்னால் உட்கார்ந்து வருகிறாரே, அவர் வேலை. அமெரிக்காவில் இந்த வேலைக்கு நான்கு படிகள். முதல் படி இ.எம்.ஆர்., அடுத்தது இ.எம்.டி., மூன்றாவது அட்வான்ஸ்டு இ.எம்.டி., கடைசி பாராமெடிக். என் பேத்தி இரண்டாம் படியிலிருந்து மூன்றாம் படிக்குத் தேர்வு எழுதத் தயாராகிக்கொண்டிருந்தாள்.

தேர்வை நடத்துவது நேஷனல் ரெஜிஸ்ட்ரி என்ற அமைப்பு. 1970-ல் தொடங்கியது. அதன் தலைமை அலுவலகம் அதே கொலம்பஸ் நகரில்தான் இருக்கிறது. அதற்கு முன் அந்த நாட்டில் நிலைமை எப்படி இருந்தது தெரியுமா? பல ஊர்களில் இறுதிச் சடங்கு நடத்தும் நிலையத்தாரின் வண்டியே ஆம்புலன்ஸாகவும் ஓடியது. ஆளைப் படுக்க வைத்துக் கொண்டுபோகும் நீள வண்டி அவர்களிடம்தானே இருந்தது! பிழைத்தாலும் அதே வண்டி, போனாலும் அதே வண்டி. விபத்துச் சாவுகளைக் கவனிப்பார் இல்லை என்று 1966-ல் அந்நாட்டின் தேசிய அறிவியல் அகாதமி ஓர் அறிக்கை வெளியிட்டது. அதன் பிறகே பயிற்சி, தேர்வு, சான்றிதழ் எல்லாம் ஒழுங்குக்கு வந்தன.

இந்தத் தேர்வுக்கு எப்படிப் படிப்பது என்பதில் அந்த வீட்டில் இரண்டு கட்சி இருந்தது. என் மகன் ஒரு கட்சி. கைப்பேசியில் இரண்டாயிரம் மாதிரிக் கேள்விகள் உள்ள ஒரு செயலிக்குப் பணம் கட்டிக் கொடுத்திருந்தான். "எல்லாத்தையும் ரெண்டு தடவை போட்டுடு, எது வந்தாலும் பாத்த கேள்வியாத்தான் இருக்கும்" என்பது அவன் வாதம். நம் ஊரில் வாங்கிய பட்டத்தின் பழக்கம் கடல் தாண்டியும் போகவில்லை. பேத்தி இன்னொரு கட்சி. "அப்பா, பாத்த கேள்வி வராது" என்பாள். நான் முதல் வாரம் மகன் பக்கம். பிறகு கட்சி மாறினேன். ஏன் மாறினேன் என்று சொல்வதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

மனப்பாடத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். நான் படித்தது இங்கே பாண்டியில், பிரெஞ்சில். வாரம் ஒரு நாள் ரெசித்தாசியோன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வகுப்பின் முன் நின்று, லா ஃபோந்தேன் கதைப்பாட்டை ஒரு சொல் பிசகாமல் ஒப்பிக்க வேண்டும். இன்னொரு நாள் திக்தே. வாத்தியார் சொல்லச் சொல்ல எழுத வேண்டும். ஐந்து பிழை என்றால் சைபர். அறுபது வருடம் கழித்தும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால் அந்தப் பாட்டுகளைச் சொல்வேன். அதனால் மனப்பாடத்தைக் கேவலமாகப் பேசுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது.

பேத்தியின் அட்டைகளிலும் ஒப்பிக்க வேண்டியவை நிறைய இருந்தன. பெரியவர்களுக்கு நெஞ்சை அழுத்தும் வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. ஆழம் குறைந்தது 5 சென்டிமீட்டர், 6-க்கு மேல் போகக் கூடாது. முப்பது அழுத்தத்துக்கு இரண்டு மூச்சு. கடுமையான ஒவ்வாமையில் பெரியவருக்குத் தொடையில் போடும் எபிநெஃப்ரின் 0.3 மில்லிகிராம், குழந்தைக்கு 0.15. கண், பேச்சு, அசைவு மூன்றையும் பார்த்து நினைவின் அளவுக்குப் போடும் மதிப்பெண் 3 முதல் 15 வரை. இதையெல்லாம் யோசித்துச் சொல்ல முடியாது. திக்தே மாதிரிதான், கை தானாக எழுத வேண்டும். இந்த அட்டைகளில் அவள் ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை. நானும் மகனும் மெச்சிக்கொண்டோம்.

பிறகு நீல நிற அட்டைகள் வந்தன. அவை வேறு சாதி. ஒன்றைச் சொல்கிறேன்.

62 வயது ஆண். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் எடுப்பவர். கட்டிலில் கிடக்கிறார். கூப்பிட்டால் பதில் இல்லை. உடம்பு வியர்த்துச் சில்லிட்டிருக்கிறது. மூச்சு குறட்டை போலச் சத்தத்தோடு வருகிறது. விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 38. முதலில் என்ன செய்வாய்? வாயில் குளுக்கோஸ் பசை தடவுவாயா? கையில் நரம்பைப் பிடித்து டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றுவாயா? குளுக்ககான் ஊசி போடுவாயா? தலையைச் சாய்த்து, தாடையைத் தூக்கி மூச்சு வழியைத் திறப்பாயா?

படித்துவிட்டு நானே மனசுக்குள் விடை சொல்லிவிட்டேன். சர்க்கரை இறங்கியிருக்கிறது, சர்க்கரை கொடு. பேத்தி, "நரம்பு வழியா டெக்ஸ்ட்ரோஸ்" என்றாள். அட்டையைத் திருப்பினேன். இரண்டு பேர் விடையும் தப்பு.

முதலில் மூச்சு வழி. குறட்டை போன்ற அந்தச் சத்தம் நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைக்கிறது என்பதன் அடையாளம். டெக்ஸ்ட்ரோஸ் வேண்டியதுதான், ஆனால் மூச்சுக்குப் பிறகு. வாய்வழிக் குளுக்கோஸ் அறவே கூடாது. நினைவில்லாதவருக்கு விழுங்கத் தெரியாது, கொடுப்பது நுரையீரலுக்குப் போய்விடும்.

"எனக்கு ஏன் தப்பிச்சுன்னு தெரியுது தாத்தா" என்றாள் அவள். "ஐ.வி. போடறது இந்தப் படியிலதான் புதுசா கத்துக்கறோம். புதுசா கத்துக்கிட்டத செஞ்சிடணும்னு கை பரபரங்குது."

இருபது வயதுப் பெண் சொன்ன இந்தச் சொல்லை நான் பெரிதாக நினைக்கிறேன். அவள் ஏற்கெனவே இ.எம்.டி. மூச்சு வழி முதல் என்பது அவளுக்கு முந்தின படியிலேயே தெரிந்த பாடம். மேலே படித்ததால் கீழே படித்தது மறைந்துபோயிற்று.

ஆனால் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வராமல் போனதற்குக் காரணம் அவள் விடை அல்ல, என் விடை.

1987-ல் என் தம்பி எங்களோடு ஒரே வீட்டில் இருந்தான். இன்சுலின் போடுகிறவன். ஒரு நாள் இரவு வயிறு சரியில்லை என்று சாப்பிடாமல் படுத்துவிட்டான். ஊசி மட்டும் வழக்கம்போல் போட்டுக்கொண்டான். விடியற்காலை ஐந்து மணிக்கு அவன் மனைவி அலறினாள். போய்ப் பார்த்தால் சட்டை நனையும்படி வியர்த்துக் கிடக்கிறான், கண் திறக்கவில்லை, மூச்சு கொர் கொர் என்கிறது. வீட்டில் எல்லோரும் மாரடைப்பு என்று அழ ஆரம்பித்தார்கள். நான் மட்டும், "இது சுகர் இறங்கினது" என்றேன். டம்ளரில் சர்க்கரையைக் கரைத்து, அவன் தலையை என் மடியில் வைத்து, வாயைத் திறந்து ஸ்பூன் ஸ்பூனாக ஊற்றினேன். புரை ஏறியது. அசைகிறான், நல்லது என்று நினைத்து இன்னும் இரண்டு ஸ்பூன் ஊற்றினேன். பக்கத்து வீட்டு அம்பாசடர் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே நரம்பில் குளுக்கோஸ் ஏற்றியதும் கண் விழித்தான். மறுநாள் காய்ச்சல் கண்டது. நிமோனியா. மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தான், அதில் நான்கு நாள் பிழைப்பானா என்றே தெரியவில்லை.

டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, "சுகர்னு நீங்க கண்டுபிடிச்சது சரி. ஊத்தினதுதான் தப்பு. உள்ள போனது வயித்துக்குப் போகல" என்றார். அதை நான் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. தம்பி பிழைத்து வந்தான், பல வருடம் இருந்தான், பிறகு வேறு நோயில் போய்ச் சேர்ந்தான். அந்த வருடங்களில் எந்தக் கல்யாணம் கார்த்தி என்றாலும் "அண்ணன் மட்டும் அன்னைக்கு இல்லன்னா நான் இல்ல" என்று எல்லோரிடமும் சொல்வான். நான் சிரித்துக்கொண்டு நிற்பேன். மறுநாள் காலை அட்டைகளை எடுக்குமுன் பேத்தியிடம் இதைச் சொன்னேன். முதல் முறையாக ஒருவரிடம் சொன்னது அதுதான்.

எனக்கு அன்று அறிவு இல்லாமல் போகவில்லை. நோயைச் சரியாகச் சொன்னேன். மருந்தும் சர்க்கரைதான் என்று சரியாகச் சொன்னேன். தப்பியது வரிசையும் வழியும். என் மகனின் இரண்டாயிரம் கேள்வி பிழைக்க வைக்காத இடம் இதுதான். கேள்விகளை மனப்பாடம் செய்தவனுக்கு 'சர்க்கரை 38' என்ற எண்ணைக் கண்டதும் 'டெக்ஸ்ட்ரோஸ்' என்று விடை வந்துவிடும். அந்த எண்ணுக்கு முன்னால் குறட்டைச் சத்தம் என்று ஒரு வரி இருந்ததை அவன் பார்க்க மாட்டான். தேர்வில் பல கேள்விகள். அவற்றில் ஒரு பகுதி மதிப்பெண் கணக்கில் சேராத சோதனைக் கேள்விகள், எது எதுவென்று எழுதுகிறவருக்குத் தெரியாது. கேள்விகளை வெளியே சொல்லமாட்டேன் என்று ஒப்புக்கொண்டுதான் உட்காரவே முடியும். "அசல் கேள்விகள் எங்களிடம்" என்று இணையத்தில் விற்கிறவர்களிடம் பிள்ளைகளும் பெற்றோரும் ஏமாறக் கூடாது. அப்படிக் கிடைத்துத் தேறினாலும் அது நல்லதல்ல. அந்த வண்டி வந்து நிற்கப்போவது நம்மைப் போன்ற கிழவர் கிழவி வீட்டு வாசலில்.

நீல அட்டைகளில் இன்னொரு வகை, செய்யாமல் இருக்கத் தெரிகிறதா என்று பார்ப்பது. நெஞ்சுவலிக்காரருக்கு நாக்கின் அடியில் நைட்ரோகிளிசரின் வைக்கலாம் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் ரத்த அழுத்தம் 84/50 என்றால்? வைக்கக் கூடாது, அது இன்னும் இறக்கிவிடும். ஒன்றிரண்டு நாளுக்குள் வயாகரா வகை மாத்திரை சாப்பிட்டிருந்தால்? அப்போதும் கூடாது. ஆகவே எந்த வயதுக்காரரானாலும் கூச்சப்படாமல் கேட்க வேண்டும். பேத்தி இதை என்னிடம் விளக்கும்போது நான்தான் கூச்சப்பட்டேன்.

அதேபோல, உன் அதிகாரம் எதுவரை என்ற கேள்வி. மூச்சு வழிக்கு ஒரு வகைக் குழாயைத் தொண்டைவரை செருக அட்வான்ஸ்டு இ.எம்.டி.க்கு அனுமதி உண்டு. மூச்சுக்குழாய்க்குள்ளேயே டியூப் இறக்குவது பாராமெடிக்கின் வேலை. பார்த்துப் பார்த்துப் பழகியிருந்தாலும் இவள் கை வைக்கக் கூடாது. அரசு அலுவலகத்தில் முப்பத்தைந்து வருடம் இருந்த எனக்கு இது சொல்லாமலே புரிந்தது. எந்தத் தொகைவரை யார் கையெழுத்துப் போடலாம் என்று எங்களுக்கும் விதி உண்டு. மேலதிகாரி லீவில் இருக்கிறார், விஷயம் நன்றாகத் தெரியும் என்று அவருக்காகக் கையெழுத்துப் போட்டு மாட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். அங்கே போவது இன்கிரிமென்ட். இங்கே உயிர்.

ஓர் அட்டையில் எனக்குத் தெரிந்த சொல் ஒன்று வந்தபோது சந்தோஷமாக இருந்தது. பெரிய விபத்தில் பலர் அடிபட்டுக் கிடக்கும்போது யாரை முதலில் பார்ப்பது என்று பிரிப்பதற்கு 'ட்ரியாஜ்' என்று பெயர். பிரெஞ்சுச் சொல். 'த்ரியே' என்றால் பொறுக்கிப் பிரிப்பது, நம் வீட்டில் அரிசியில் கல் பொறுக்குவது மாதிரி. நெப்போலியன் படையில் லாரே என்று ஓர் அறுவை மருத்துவர் இருந்தார். சண்டை நடக்கும்போதே காயம்பட்டவர்களைத் தூக்கி வர வேகமான குதிரை வண்டிகளை ஏற்பாடு செய்தவர். தளபதியா சிப்பாயா என்று பார்க்காமல் காயத்தின் கடுமையைப் பார்த்து வரிசை வைத்தவர். பேத்திக்கு இது தெரியாது. அன்று நான் வாத்தியார்.

இன்று சொல்லிக்கொடுக்கும் முறையில் நடக்க முடிகிறவர்களை முதலில் ஓரமாகப் போகச் சொல்லிவிடுகிறார்கள். மிச்சம் இருப்பவர்களிடம் மூன்றே சோதனை. மூச்சு நிமிடத்துக்கு 30-க்கு மேலா, மணிக்கட்டில் நாடி இருக்கிறதா, சொன்னதைச் செய்கிறாரா. கத்துகிறவருக்கு மூச்சு இருக்கிறது, சத்தமில்லாமல் கிடப்பவரைப் போய்ப் பார் என்பது இதன் சாரம். எங்கள் ஆபீஸ் கவுன்டரில் நாங்கள் இதற்கு நேர் எதிராக நடந்தோம். கத்தினவன் ஃபைல்தான் முதலில் நகர்ந்தது.

என் அபிப்பிராயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எண்களை மனப்பாடம் செய்யட்டும், அதில் வெட்கம் இல்லை. கேள்விகளை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒரு நாளைக்கு நூறு கேள்வி போடுவதைவிடப் பத்துக் கேள்வி போட்டு, சரியான விடை ஏன் சரி, மற்ற மூன்றும் ஏன் இப்போது கூடாது என்று வாய்விட்டுச் சொல்லட்டும். அதுவும் விஷயம் தெரியாத ஒருவரிடம் சொல்லட்டும். வீட்டில் ஒரு தாத்தா சும்மாதான் இருக்கிறார். நான் "ஏன்?" என்று கேட்டு அவளுக்குப் பதில் வராத அட்டைகளைத் தனியே வைத்தோம். ஆரம்பத்தில் நாற்பது இருந்தன. தேர்வுக்கு முந்தின நாள் மூன்று. மகனும் கடைசி வாரத்தில் செயலியை விட்டுவிட்டு, எங்களோடு உட்கார்ந்து நோயாளியாக நடிக்க வந்தான்.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கும் பேத்திக்கும் ஒத்துப்போகவில்லை. 2024 ஜூலையிலிருந்து இந்தப் படிக்கு ரெஜிஸ்ட்ரி தனியாகச் செய்முறைத் தேர்வு வைப்பதில்லை. கணினியில் எழுதும் தேர்விலேயே நிலைமையை எடைபோட்டு முடிவெடுக்கும் கேள்விகளைச் சேர்த்திருக்கிறார்கள். ஊசி குத்தும் கையை வெளியாள் ஒருவர் பார்த்துச் சான்று தர வேண்டாமா என்பது என் கேள்வி. "பயிற்சியிலேயே எத்தனையோ தடவை பாத்து மார்க் போட்டுட்டாங்க தாத்தா. பழைய தேர்வுல எல்லாரும் ஒரே வசனத்த ஒப்பிச்சிட்டு வருவாங்களாம்" என்கிறாள். அவள் சொல்வது சரியாக இருக்கலாம். நான் பழைய ஆள், இரண்டு கையெழுத்து இல்லாத காகிதத்தை நம்பமாட்டேன்.

ஆனால் ஒன்றை மனதாரப் பாராட்டுகிறேன். அந்தச் சான்றிதழ் இரண்டு வருடத்துக்குத்தான். புதுப்பிக்க 50 மணி நேரம் மறுபடி படித்தாக வேண்டும், அல்லது தேர்வை மறுபடி எழுத வேண்டும். நான் டிபார்ட்மென்டல் தேர்வை வாலிபத்தில் ஒரு தடவை எழுதினேன், அதுவும் சில தாள்களைப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டே. அதை வைத்து ஓய்வு பெறும்வரை ஓட்டினேன்.

பேத்தி தேறிவிட்டாள். நாங்கள் பாண்டிக்குத் திரும்பினோம். வந்த வாரமே தம்பி மனைவியைப் பார்க்கப் போனேன். காபி கொடுத்தாள். 1987-ல் டாக்டர் சொன்னதை அவளிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அன்னைக்கு மத்தவங்களுக்கு அதுகூடத் தோணலயே மாமா" என்றாள். என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னாள் என்று தெரியும். அவளுக்கும் இப்போது சர்க்கரை இருக்கிறது.

ஒரு தாளில் எழுதி அவள் ஃபிரிஜ் கதவில் ஒட்டிவிட்டு வந்தேன். உங்கள் வீட்டிலும் ஒட்டிக்கொள்ளுங்கள்.

நினைவோடு இருந்து விழுங்க முடிந்தால் மட்டும் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடு. பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி சோதித்துப் பார். கூப்பிட்டுப் பதில் இல்லை என்றால் வாயில் எதுவும் ஊற்றாதே. மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வை. 108-ஐக் கூப்பிடு. மூச்சு இல்லையென்றால் 108-ஐக் கூப்பிட்டு, அவர்கள் வரும்வரை நெஞ்சின் நடுவில் இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டே இரு.